சிறிய வக்கீல் ஆபீஸின் பணக்கணக்கு: பீஸ் வேறு, செலவுப் பணம் வேறு

ஒருவர் முதல் ஐந்து பேர் வரை சேர்ந்து நடத்தும் தமிழ்நாட்டு வழக்கறிஞர் அலுவலகத்துக்கான நடைமுறை இது. கட்சிக்காரரிடம் முதல் ரூபாய் வாங்குவதற்கு முந்தைய வேலையில் தொடங்கி, வழக்கு முடிந்து மீதியைத் திருப்பிக் கொடுப்பது வரை வரிசையாகப் போகிறது. வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக ஆபீஸ் போடுபவர்கள் பெரும்பாலும் கியூஆர் அட்டையை முதலில் ஒட்டிவிட்டு, பேரேட்டை ஆறு மாதம் கழித்துத் தேடுகிறார்கள். அதற்குள் எந்தப் பணம் எதற்கு வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆபீஸ் பேச்சில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் இங்கும் அவற்றையே எழுதியிருக்கிறது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

இரண்டு நடப்புக் கணக்குகள். பான் எண். எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். வவுச்சர் புத்தகம். 1 ரூபாய் வருவாய் முத்திரைகள் கொஞ்சம் (5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒட்ட). கணக்கு எழுத ஒரு எக்செல் கோப்போ டேலியோ நீளப் பேரேடோ, எது உங்கள் குமாஸ்தாவுக்குக் கைவருமோ அது. விலை உயர்ந்த சாஃப்ட்வேரை முதல் நாளே வாங்க வேண்டாம். தினமும் எழுதும் நோட்டு, யாரும் திறக்காத சாஃப்ட்வேரைவிட மேல்.

இவற்றோடு இந்திய பார் கவுன்சில் விதிகளில் கட்சிக்காரருக்கான கடமைகளைச் சொல்லும் பகுதியின் 25 முதல் 32 வரையுள்ள விதிகளை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். இரண்டு பக்கம்கூட வராது. கீழே சொல்லும் பெரும்பாலான படிகளுக்கு அடிப்படை அதுதான்.

1. முதலில் பீஸ் கடிதம்

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே ஒரு பக்கக் கடிதத்திலும் வாங்கிவிடுங்கள். அதில் நான்கு செய்தி இருந்தால் போதும்: என்ன வேலை, மொத்த பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, செலவுகள் தனி.

கட்டம் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் பண வசூல் வழக்குக்கு 60,000 பீஸ் பேசியிருந்தால், தாக்கலுக்கு 25,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது 20,000, வாதத்துக்கு முன் 15,000 என்று எழுதுங்கள். “வாய்தாவுக்கு இவ்வளவு” என்று பேசினால், கோர்ட் நடக்காத நாளுக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்லி ஒவ்வொரு மாதமும் தகராறு வரும்.

கடிதத்தில் ஒரு சொல்லைக் கவனமாகப் போடுங்கள். ஆபீஸில் வக்கீல் பீஸையும் பீஸ் என்கிறோம், கோர்ட் பீஸையும் பீஸ் என்கிறோம். கட்சிக்காரர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். பின்னால் “55,000 பீஸ் கொடுத்தேனே” என்று அவர் சொல்வது பொய்யல்ல. அதில் 30,000 கோர்ட்டுக்குப் போனது என்பதை யாரும் அவருக்கு எழுதிக் காட்டவில்லை. காகிதத்தில் எப்போதும் “வழக்கறிஞர் கட்டணம்”, “நீதிமன்றக் கட்டணம்” என்றே எழுதுங்கள்.

நீதிமன்றக் கட்டணத்தை வழக்கை எடுக்கும் நாளிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 10 லட்சத்துக்கு 30,000. சில பழைய கட்சிக்காரர்கள் இன்னும் பழைய விகிதத்தை நினைத்துக்கொண்டு தயங்குவார்கள்; எண்ணைச் சொன்னதும் முகம் தெளியும்.

வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ், வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று எழுதக் கூடாது. பார் கவுன்சில் விதி 20 அதைத் தடுக்கிறது. மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தாலும் விதி விதிதான். அப்படி எழுதிய கடிதம், பின்னால் ஒழுங்கு நடவடிக்கையில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக வந்து நிற்கும்.

2. இரண்டு வங்கிக் கணக்கு

ஒன்று ஆபீஸ் கணக்கு: சம்பாதித்த பீஸ் மட்டும் வரும், வாடகை, சம்பளம், மின்கட்டணம் போகும். மற்றது கட்சிக்காரர் கணக்கு: செலவுக்கு வாங்கிய பணம், இன்னும் சம்பாதிக்காத முன்பணம், எதிர்த்தரப்பு கொடுத்த பணம் ஆகியவை இங்கே.

தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று பார் கவுன்சில் விதி நேரடியாகச் சொல்லவில்லை. தனியாகக் கணக்கு எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒரே வங்கிக் கணக்கில் எல்லாம் விழுந்தால் அந்த எழுத்துக் கணக்கைச் சரிபார்க்க வழியே இருக்காது. வாடகைக்குச் செக் எழுதும்போது மேலே தெரியும் மீதியில் பாதி அடுத்தவர் பணம் என்பது கண்ணுக்குத் தெரியாது.

வரிப் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ஆண்டில் 38 லட்சம் பீஸ் சம்பாதித்தவரின் ஒரே கணக்கில் 24 லட்சம் கோர்ட் கட்டணமும் சேர்ந்து விழுந்தால், வங்கி வரவு 62 லட்சம். வருமான வரிச் சட்டம் 44ஏடிஏ பிரிவின் உத்தேச வருமான முறைக்கு (செலவுக் கணக்குக் காட்டாமல் வரவில் ஒரு பங்கை வருமானமாகக் காட்டுவது) ஆண்டு வரவின் உச்சவரம்பு 50 லட்சம் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம்). உங்கள் வருமானம் 38 லட்சம்தான் என்று ஒவ்வொரு வரவாக நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

கட்சிக்காரர் கணக்கைச் சேமிப்புக் கணக்காகத் திறக்காதீர்கள். வட்டி விழுந்தால் அது யாருடைய வட்டி என்ற கேள்வி வரும். நடப்புக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள். அந்தத் தொகையை ஆபீஸ் பணத்திலிருந்து போட்டு, பேரேட்டில் “ஆபீஸ் வைப்பு” என்று தனிப் பக்கம் திறந்து எழுதுங்கள். வங்கி பிடிக்கும் கட்டணங்கள் அந்தப் பக்கத்தில்தான் கழிய வேண்டும், எந்தக் கட்சிக்காரர் பக்கத்திலும் அல்ல.

இந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வாங்க வேண்டாம். மொபைலில் யுபிஐ அனுப்பும் வசதியும் இணைக்க வேண்டாம். வரவுக்கு கியூஆர் போதும்.

3. கட்டுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பக்கம்

கோர்ட் எண் வரும்வரை காத்திருக்காதீர்கள். வழக்கு எண் கிடைப்பதற்கு முன்பே பணம் வந்துவிடும். கட்டு (ஒரு வழக்கின் காகிதக் கோப்பு) திறக்கும் அன்றே ஆபீஸ் எண் கொடுங்கள்: 2025/47 என்பதுபோல. கட்டின் முதுகில், பேரேட்டில், ரசீதில், வவுச்சரில், வங்கிக் குறிப்பில் எல்லாம் அதே எண்.

ஆளுக்கு ஒரு பக்கம் வைக்காதீர்கள், வழக்குக்கு ஒரு பக்கம் வையுங்கள். ஒரே ஆளுக்கு ஒரு சொத்து வழக்கும் ஒரு செக் வழக்கும் (பணமில்லாமல் திரும்பிய செக்குக்கானது) இருந்தால் இரண்டு பக்கம். ஒரு வழக்கு முடிந்து கணக்கு முடிக்கும்போது மற்றதன் பணம் குழம்பக் கூடாது.

பக்கத்தில் இரண்டு மீதிக் கட்டங்கள் வேண்டும்: பீஸ் முன்பணம், செலவு. வந்த தொகை எதற்கு என்று பதிவிலேயே குறிக்க வேண்டும் என்கிறது விதி 26. நடந்துகொண்டிருக்கும் வழக்கில், செலவுக்கு வாங்கியதைப் பீஸாக மாற்றக் கட்சிக்காரரின் எழுத்துச் சம்மதம் தேவை என்றும் அதே விதி சொல்கிறது. ஒற்றைக் கட்டமாக எழுதினால், மாற்றியது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

மேலே சொன்ன வழக்கின் பக்கம் இப்படி ஓடும்:

ஜூன் 4 – நெஃப்ட் வரவு 60,000. பீஸ் 25,000, செலவு 35,000.
ஜூன் 9 – நீதிமன்றக் கட்டணம் 30,000. செலவு மீதி 5,000.
ஜூன் 9 – டைப்பிங், ஜெராக்ஸ், வக்காலத்து முத்திரைகள் 1,850. செலவு மீதி 3,150.
ஜூன் 11 – வழக்கு தாக்கல். பீஸ் 25,000 ஆபீஸ் கணக்குக்கு. பீஸ் மீதி இல்லை.
ஜூலை 2 – சம்மன் பேட்டா (சம்மன் சேர்ப்பிக்கக் கோர்ட்டில் கட்டுவது), தபால் 640. செலவு மீதி 2,510.

இந்த ஐந்து வரியில், கட்சிக்காரர் எப்போது போன் செய்து கேட்டாலும் பதில் இருக்கிறது. கேட்டால் நகல் கொடுக்க வேண்டியதும் கடமையே, விதி 30.

4. பணம் வாங்கும் வழிகளைத் தீர்மானித்தல்

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்: பெரிய தொகைக்கு இதுவே நல்லது. ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்து தொடங்கும். அதற்குக் கீழே நெஃப்ட். இரண்டும் இப்போது 24 மணி நேரமும் ஓடுகின்றன. யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் வங்கி தரும் எண்) பேரேட்டில் எழுதுங்கள்.

யுபிஐ: இரண்டு கணக்குக்கும் இரண்டு கியூஆர் அட்டை, இரண்டு நிறத்தில், மேலே பெரிய எழுத்தில் “வழக்கறிஞர் கட்டணம்” என்றும் “வழக்குச் செலவு” என்றும். ஒரே அட்டை வைத்துவிட்டு உள்ளே பிரித்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இரண்டாம் வாரமே தோற்கும். சாதாரண யுபிஐ ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைதான் போகும் என்பதால், கோர்ட் கட்டணம் பெரிதாக இருந்தால் முதல் நாளே நெஃப்ட் விவரம் கொடுத்துவிடுங்கள்.

குமாஸ்தாவின் எண்ணுக்கோ ஜூனியரின் எண்ணுக்கோ பணம் போடச் சொல்லவே கூடாது. சின்ன ஆபீஸ்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது: கோர்ட் வளாகத்தில் நின்றுகொண்டு “என் நம்பருக்குப் போடுங்க சார், நான் கட்டிடறேன்” என்பது. அந்த 2,000 அவர் கணக்கில் வருமானம்போல் நிற்கும். உங்கள் பேரேட்டில் வரவே இருக்காது. ஆனால் கட்சிக்காரர் கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ரசீது போடவும் கூடாது. வங்கி அறிக்கையில் வரவு தெரிந்த பிறகுதான் ரசீது.

கார்டு: பேமெண்ட் கேட்வே வழியாக வாங்குவதானால் பீஸுக்கு மட்டும் வாங்குங்கள். கேட்வே தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். 60,000-க்கு 2 சதவீதம் என்றால் 1,200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216. கைக்கு வருவது 58,584. கட்சிக்காரர் கொடுத்தது 60,000, அவர் பக்கத்தில் வரவும் 60,000. விடுபட்ட 1,416 ஆபீஸ் செலவு. செலவுப் பணத்தை இப்படி வாங்கினால் வாங்கிய நொடியே அது குறைந்துவிடுகிறது.

கார்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டணத்தை மறுத்து வங்கியிடம் புகார் செய்ய கார்டுக்காரருக்கு வழி இருக்கிறது. கோர்ட் கட்டணம் கட்டி முடித்த பிறகு அந்தப் பணத்தைக் கேட்வே திரும்ப எடுத்தால் நஷ்டம் உங்களுடையது.

செக்: வசூலாகும் முன் அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். கட்டினால் அது இன்னொரு கட்சிக்காரரின் பணமாகத்தான் இருக்கும்.

ரொக்கம்: ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பரிவர்த்தனைக்காகவோ, ஒரே நிகழ்வு தொடர்பாகவோ 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். திங்களன்று 1,50,000, புதனன்று 1,00,000 என்று பிரித்தாலும் ஒரே வழக்கின் ஒரே பீஸ் என்றால் தப்பிக்க முடியாது. வாங்கிய ரொக்கத்தை அன்றோ மறுநாளோ முழுதாக வங்கியில் போடுங்கள். அதிலிருந்தே எடுத்துச் செலவழித்தால் வரவு ஒரு தொகை, வங்கியில் போட்டது ஒரு தொகை என்று நிற்கும்.

5. பணம் வந்த அன்றே

நான்கு வேலைகள், இதே வரிசையில்: வங்கியில் வரவைப் பார்ப்பது, ரசீது போடுவது, பேரேட்டில் ஏற்றுவது, தவறான கணக்கில் விழுந்திருந்தால் மாற்றுவது.

ரசீதில் கட்டு எண், தொகை, வழி, பீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற பிரிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பிரிப்பை எழுதும் நேரம் இதுதான். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரிப்பவர் தன்னையறியாமல் பீஸ் பக்கம் சாய்த்துத்தான் பிரிப்பார்.

பணம் கொடுப்பவர் வேறு, கட்சிக்காரர் வேறு என்றால் இருவர் பெயரையும் எழுதுங்கள். அப்பாவின் வழக்குக்கு சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்புவார். பாகப்பிரிவினை வழக்கில் மூன்று சகோதரர்களுக்காக ஒருவர் கட்டுவார். ஒரு வருடம் கழித்து சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வந்து, கட்டியவர் “என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று வந்து நிற்பார். மீதி யாருக்குச் சேர வேண்டும் என்று ஒரு வரியில் முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். வாங்கவில்லையென்றால் உங்கள் ஆபீஸே இன்னொரு பஞ்சாயத்து மேடை. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் இந்திய என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கிலிருந்து ரூபாயாக அனுப்பினால் உங்களுக்கு வேலை மிச்சம்.

6. செலவு செய்யும் முறை

ஒரே சட்டம்: கட்டு எண் இல்லாத வவுச்சருக்குப் பணம் கிடையாது. அந்தக் கட்டின் செலவு மீதிக்கு மேலும் கிடையாது.

இரண்டாவது பாதிதான் கடினம். செலவு மீதி 2,510 இருக்கும் வழக்கில், கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனருக்கு 10,000 கட்ட நாளைதான் கடைசி நாள் என்றால் கை தானாகக் கட்சிக்காரர் கணக்குக்குப் போகும். அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறதே! ஆனால் அது மற்றவர்களுடையது. அவசரமென்றால் ஆபீஸ் கணக்கிலிருந்து கட்டி, வரவேண்டியது என்று எழுதுங்கள். அதையும் வழக்கமாக்காதீர்கள். தான் நடத்தும் வழக்குக்காகக் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் கடன் கொடுக்கக் கூடாது என்று விதி 32 சொல்கிறது.

கோர்ட்டில் ஒரே நாளில் ஐந்து கட்டுக்கு நகல் மனு, பேட்டா என்று அலையும் குமாஸ்தாவுக்கு ஐந்து பை கொடுக்க முடியாது. ஆபீஸ் பணத்திலிருந்து அவருக்கு நிலையாக 3,000 கொடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை வவுச்சர்களை வைத்து எண்ணினால், கையில் உள்ள ரொக்கமும் வவுச்சர்களும் சேர்ந்து 3,000 வர வேண்டும். செலவான அளவை நிரப்பிவிட்டு, அதே தொகையைக் கட்டுவாரியாகக் கட்சிக்காரர் கணக்கிலிருந்து ஆபீஸ் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கு மாதக் கணக்கானால் ஜெராக்ஸ் கடைத் துண்டுச் சீட்டின் மை மங்கிப் போயிருக்கும்.

இ-கோர்ட் கட்டண ரசீதின் எண்ணை வவுச்சரில் எழுதி, ஒரு பிரதியைக் கட்டில் வையுங்கள். ஆட்டோ, டீ போன்ற பில் இல்லாதவற்றுக்கு உள் வவுச்சரும் கையெழுத்தும் போதும். “இதர செலவு 1,500” என்று மட்டும் எழுதிய வவுச்சரை ஏற்காதீர்கள். எதற்கென்று பெயர் எழுத முடியாத செலவைக் கட்சிக்காரர் தலையில் வைக்கக் கூடாது. எழுதக் கூச்சப்படும் செலவைச் செய்யவே கூடாது.

7. பீஸை ஆபீஸ் கணக்குக்கு மாற்றுதல்

பீஸ் கடிதத்தில் எழுதிய கட்டம் முடிந்ததும் மாற்றுங்கள். முன்னாலும் வேண்டாம், ரொம்பப் பின்னாலும் வேண்டாம். கட்டுக்கு ஒரு மாற்றம், முழுத் தொகை, குறிப்பில் கட்டு எண்.

“இந்த மாதம் வாடகைக்கு 40,000 வேண்டும்” என்று முழு எண்ணாக மாற்றுவது கணக்கு கெட்டுப்போகத் தொடங்கிய ஆபீஸின் முதல் அறிகுறி. எந்தக் கட்டின் பீஸ் என்று சொல்ல முடியாத மாற்றம் யாரோ ஒருவரின் செலவுப் பணம்தான்.

பல வழக்கறிஞர்கள் முன்பணம் கைக்கு வந்ததுமே ஆபீஸ் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். பீஸ் என்று வாங்கியதைப் பீஸாக எழுதுவதை விதி தடுக்கவில்லை. ஆனாலும் வேலை தொடங்கும் முன் கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்த்துப் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அன்று அது செலவாகியிருந்தால், வேறொருவர் தந்த பணத்திலிருந்துதான் கொடுப்பீர்கள்.

8. பில், ஜிஎஸ்டி, டிடிஎஸ்

தனிநபர்களுக்கு ரசீது போதும். கம்பெனிகளுக்குப் பில் வேண்டும், அதுவும் இரண்டாக: பீஸுக்கு ஒன்று, செய்த செலவுகளுக்கு மூல ரசீதுகளோடு தனி அறிக்கை. ஒரே பில்லில் 80,000 பீஸும் 30,000 கோர்ட் கட்டணமும் எழுதினால், கம்பெனியின் கணக்காளர் 1,10,000-க்கும் சேர்த்து டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிடுவார். உங்கள் வருமானமே இல்லாத 30,000 வரித்துறைப் பதிவில் உங்கள் வரவாக ஏறும்.

ஜிஎஸ்டியில் புதியவர்கள் செய்யும் தவறு, பில்லின் அடியில் 18 சதவீதம் சேர்ப்பது. தனி வழக்கறிஞரோ வழக்கறிஞர் கூட்டு நிறுவனமோ தரும் சட்டச் சேவைக்கு, ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டிய வணிக நிறுவனம் வாங்குபவராக இருந்தால், வரியை அந்த நிறுவனமே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அரசுக்குக் கட்ட வேண்டும். வணிகம் செய்யாத தனிநபருக்கும், வரம்புக்குள் இருக்கும் சிறு வணிகருக்கும், இன்னொரு வழக்கறிஞருக்கும் தரும் சேவைக்கு வரி விலக்கு. எந்த வகையிலும் நீங்கள் வசூலிப்பதற்கு எதுவும் இல்லை. கம்பெனி பில்லில் “ஜிஎஸ்டி ரிவர்ஸ் சார்ஜ் முறையில் பெறுபவர் செலுத்த வேண்டியது” என்று ஒரு வரி எழுதுங்கள். வழக்கறிஞர் தொழில் தவிர வேறு வரிக்குரிய வருமானம் இருந்தால் மட்டும் பதிவு வேண்டுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

டிடிஎஸ்: வருமான வரிச் சட்டப் பிரிவு 194ஜே-யின்படி 10 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரே கம்பெனியிடமிருந்து ஆண்டில் 50,000 தாண்டினால் பிடிப்பார்கள். அதற்கு முன் 30,000. தாண்டும்போது மொத்தத்துக்கும் பிடிப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். மே மாத பில் 30,000 முழுதாக வந்தது. ஆகஸ்ட் பில் 40,000, வந்தது 33,000. குறைந்த 7,000 என்பது 70,000-க்கான 10 சதவீதம். தெரியாதவர் ஆகஸ்ட் பில்லுக்கு 4,000 கழித்துவிட்டு, மீதி 3,000 எங்கே என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். பான் எண் கொடுக்கவில்லையென்றால் 20 சதவீதம் போய்விடும்.

பதிவில் 33,000 என்று எழுதாதீர்கள். பீஸ் 40,000, வங்கி 33,000, டிடிஎஸ் 7,000. கைக்கு வந்ததையே வருமானமாக எழுதினால் 26ஏஎஸ்-ஸில் (உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கை) ஒரு தொகையும் உங்கள் கணக்கில் வேறு தொகையும் இருந்து நோட்டீஸ் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏஎஸ்-ஸை இறக்கிப் பில் பில்லாக ஒப்பிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத கம்பெனியை அந்தக் காலாண்டிலேயே பிடித்தால்தான் சரிசெய்வார்கள். மார்ச் முடிந்து கேட்டால் அங்கே கணக்காளரே மாறியிருப்பார்.

முன்கூட்டி வரி 44ஏடிஏ-வில் இருப்பவர்களுக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை. மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் நான்கு தவணை.

9. எதிர்த்தரப்பிடமிருந்தும் கோர்ட்டிலிருந்தும் வரும் பணம்

கூடுமானவரை உங்கள் பெயரில் வாங்காதீர்கள். செக் வழக்கில் சமரசத் தொகைக்கு டிடி எடுக்கிறார்கள் என்றால் கட்சிக்காரர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வந்தே தீரும் என்றால் கட்சிக்காரர் கணக்கில் போட்டு, அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வந்ததைக் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி 27. வாட்ஸ்அப் செய்தியும் பதிவுதான், ஆனால் தொகையும் தேதியும் அதில் இருக்க வேண்டும்.

“பீஸ் பாக்கி இருக்கிறது, கழித்துக்கொண்டு கொடுக்கிறேன்” என்பது வழக்கு நடக்கும்போது செல்லாது. நடவடிக்கை முடிந்த பிறகு, ஏற்கெனவே பேசி முடிவான பீஸுக்கு மட்டும் கழிக்க விதி 28 இடம் தருகிறது. பீஸ் கடிதம் இல்லாதவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். அவரிடம் “முடிவான பீஸ்” என்று காட்ட எதுவும் இல்லை.

லோக் அதாலத்திலோ சமரச மையத்திலோ முடிந்த வழக்கில் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த 30,000 கட்டியவருடையது. கட்டை மூடும் அவசரத்தில் மனுப் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. சமரசம் பதிவாகும் நாளிலேயே டைரியில் குறித்துவிடுங்கள்.

10. மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்கள்

மாதம் முடிந்து ஐந்து நாளுக்குள், கட்சிக்காரர் கணக்குக்கு மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: வங்கி அறிக்கையின் மீதி, உங்கள் வங்கிப் புத்தகத்தின் மீதி, எல்லாக் கட்டுப் பக்கங்களின் மீதிகளின் கூட்டுத்தொகை (ஆபீஸ் வைப்பு உட்பட). மூன்றும் ஒன்றாக வர வேண்டும்.

கட்டுகளின் கூட்டுத்தொகை 1,79,490, ஆபீஸ் வைப்பு 5,000, ஆக 1,84,490. வங்கியில் 1,84,254. வித்தியாசம் 236. இப்படிப்பட்ட எண்கள் முகம் பழகிவிடும்: 118, 236, 590 என்று வந்தால் 100, 200, 500 ரூபாய் வங்கிக் கட்டணமும் அதன் 18 சதவீத ஜிஎஸ்டியும். ஆபீஸ் வைப்புப் பக்கத்தில் கழித்து, ஆபீஸ் கணக்கிலிருந்து 236-ஐ நிரப்பிவிடுங்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் 540-ஐ 450 என்று எண் மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சரியாகப் பாதியாக்கிப் பார்த்து அந்தத் தொகை ஏதாவது வவுச்சரில் இருந்தால், பற்றை வரவுப் பக்கம் எழுதியிருப்பீர்கள்.

மூன்றும் பொருந்திவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் மீதியையும் கண்ணால் ஓட்டுங்கள். கூட்டுத்தொகை பொருந்தினாலும் உள்ளே ஒரு கட்டு –4,000 என்று நிற்கலாம். அதற்கு அர்த்தம், அந்த வழக்குக்கு வேறொருவர் பணத்தில் 4,000 செலவழித்திருக்கிறீர்கள். அன்றே ஆபீஸ் பணத்தைப் போட்டுப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு கட்சிக்காரரிடம் கேளுங்கள்.

ஆபீஸ் கணக்குக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம். வரும் மூன்று மாதத்தின் வாடகை, குமாஸ்தா சம்பளம், ஜூனியர் உதவித்தொகை ஆகியவற்றை மட்டும் முன்னதாக எழுதி வையுங்கள். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன குறைந்தபட்சத்தை வைத்தே போடுங்கள். மே மாத விடுமுறையில் வரவு வற்றும். பிப்ரவரியிலிருந்தே அதற்கு ஒதுக்க வேண்டும்.

11. பாக்கி பீஸ்

கட்டத்துக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் கேட்காதீர்கள். சாட்சி விசாரணைக்குத் தேதி விழுந்த அன்றே அடுத்த தவணைக்கு எழுத்தில் நினைவூட்டல், பத்து நாள் கழித்து ஒரு போன். வாதம் முடிந்து தீர்ப்பு பாதகமாக வந்த பிறகு வசூலான பீஸ் குறைவு.

கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பீஸ் கேட்க முடியாது. பீஸ் பாக்கிக்காக வழக்குக் காகிதங்கள் மீது வழக்கறிஞருக்குப் பிடிமான உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. கட்டைக் கொடுத்துவிட்டு, பீஸ் கடிதத்தை வைத்து வசூல் வழக்குப் போடலாம்.

12. கட்டை மூடுதல்

தீர்ப்பு நகல் கொடுக்கும் நாளிலேயே கணக்கையும் கொடுங்கள்: வந்தது, செலவானது, பீஸ், மீதி. மீதி 310 ரூபாயானாலும் வங்கி வழியே அவர் கணக்குக்கு அனுப்பி, பக்கத்தைப் பூஜ்யமாக்கிக் கோடு போடுங்கள். “மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று அவர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, புதிய கட்டு எண்ணுக்கு மாற்றுங்கள்.

முகவரி மாறி, போன் எடுக்காமல், மீதி நின்றுபோன கட்டுகள் எல்லா ஆபீஸிலும் சில இருக்கும். அவற்றை ஆபீஸ் வருமானத்தில் தள்ளாதீர்கள். கடைசி முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் கட்டில் வைத்து, தொகையைக் கட்சிக்காரர் கணக்கிலேயே விட்டு வையுங்கள். வருடாவருடம் ஏப்ரலில் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பழைய எண்களுக்குப் போன் போட்டுப் பாருங்கள்.